வைரஸ் மாறியது, வரிசை மாறவில்லை



போன மாதம் எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவர் கேட்டார்: “தடுப்பூசி போட்ட பிறகும்தானே எல்லாருக்கும் கொரோனா வந்துச்சு, அப்புறம் அந்த ஊசி எதுக்கு?” 2021இல் அவர் பள்ளி மாணவர். ஆன்லைன் வகுப்பும் ‘ஆல் பாஸ்’ அறிவிப்பும்தான் அவருக்கு நினைவில் இருக்கின்றன. அன்று அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி அறிவியல், பாதி வரலாறு. வரலாற்றுப் பாதியில் சாதி இருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதிப் பார்க்கிறோம்.

2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் கொரோனா தடுப்பூசிப் பணி தொடங்கியது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் முதல் ஊசி போட்டுக்கொண்டவர் ஒரு தூய்மைப் பணியாளர். எப்போதும் கடைசியில் நிறுத்தப்படுபவர் முதல் ஆளாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நம்மில் பலர் நெகிழ்ந்தோம். வேறு சிலர், “ஊசி மேல் ஊருக்கே சந்தேகம் இருக்கும்போது மட்டும் ஏன் நம்மை முன்னால் அனுப்புகிறார்கள்?” என்றும் கேட்டோம். அடுத்த ஐந்து மாதங்களில் டெல்டா என்ற புதிய திரிபு நாட்டையே புரட்டிப்போட்டது. அப்போது அந்த வரிசை எப்படி நகர்ந்தது, யாரை எங்கே நிறுத்தியது என்பதுதான் நம் கவலை. அதைப் புரிந்துகொள்ள நூறாண்டுக்கு முன்னால் போக வேண்டும்.

1897: பிளேக்

1896இல் மும்பையில் பிளேக் பரவியது. பிளேக் வைரஸால் வருவதல்ல, பாக்டீரியாவால் வருவது. ஆனாலும் தடுப்பூசி, தனிமைப்படுத்தல், சட்டம் மூன்றும் இந்த மண்ணில் ஒன்றாக இறங்கிய காலம் அது. 1897 ஜனவரி 10 அன்று வால்டெமார் ஹாஃப்கின் என்ற அறிவியலாளர், தான் உருவாக்கிய பிளேக் தடுப்பூசியை முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். அடுத்து அதைப் பரிசோதித்தது பைகுல்லா சிறைக் கைதிகளிடம். பிப்ரவரியில் ஆங்கில அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2020இல் மாநில அரசுகள் கையில் எடுத்ததும் அதே 1897ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

புனேயில் வீடு வீடாகச் சோதனை போடச் சிப்பாய்கள் இறக்கப்பட்டார்கள். வீட்டுக்குள் புகுந்தார்கள், தீட்டாக்கினார்கள் என்று எழுந்த கோபமும், ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டதும் நாம் பாடத்தில் படித்தவை. அதே புனேயில், அதே பிளேக்கில் நடந்த இன்னொன்று அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. சாவித்திரிபாய் பூலேவும் அவருடைய வளர்ப்பு மகன் மருத்துவர் யஷ்வந்த்தும் நகரத்துக்கு வெளியே நோயாளிகளுக்காக ஒரு சிகிச்சைக்கூடம் நடத்தினார்கள். முண்ட்வாவின் மஹர் குடியிருப்பில் பிளேக் கண்ட ஒரு சிறுவனைச் சாவித்திரிபாய் தன் முதுகில் சுமந்து அங்கே கொண்டுவந்தார். அவருக்கும் நோய் தொற்றியது. 1897 மார்ச் 10 அன்று இறந்துபோனார்.

ஊர் தன் வீட்டுத் தீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, சேரியில் நோயாளியைத் தொட்டுத் தூக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வியாக இருந்தது. பொது சுகாதாரம் என்று நாம் சொல்வது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1918: அலைக்குப் பின் அலை

1918 ஜூன் மாதம் மும்பைத் துறைமுகம் வழியாக இன்ஃபுளுயென்சா நுழைந்தது. முதல் அலை ஓரளவு லேசாகவே கடந்தது. செப்டம்பரில் வந்த இரண்டாவது அலை கொன்று குவித்தது. இரண்டு அலைகளுக்கும் இடையில் வைரஸ் மாறியிருக்க வேண்டும் என்பது பின்னாளைய ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இந்தியாவில் இறந்தவர்கள் 1 கோடியே 20 லட்சம் முதல் 2 கோடி வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

அந்த ஆண்டு மழையும் பொய்த்தது. தானிய விலை ஏறியது. பசித்த உடம்பில் நோய் ஏறியது. மும்பை நகரில் ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்ற கணக்கு அன்று சமூகவாரியாக எடுக்கப்பட்டது. ஐரோப்பியர் 8.3. பார்சிகள் 9. மற்ற இந்துக்கள் 18.9. முஸ்லிம்கள் 19.2. தாழ்த்தப்பட்ட சாதியினர் 61.6.

ஒரே நகரம், ஒரே வைரஸ். சாதி இந்துவைவிட மூன்று மடங்குக்கு மேல் நம் மக்கள் செத்திருக்கிறார்கள். ரத்தத்தில் ஏதோ குறை இருந்ததால் அல்ல. காற்று நுழையாத ஒற்றை அறையில் ஏழெட்டுப் பேர் படுத்தார்கள். காய்ச்சலோடு வேலைக்குப் போனார்கள். படுத்துவிட்டால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்க ஆளில்லை. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரையின் முடிவில் மறுபடி தேவைப்படும்.

அன்றைக்கு இன்ஃபுளுயென்சாவுக்கு வேலை செய்யும் தடுப்பூசி கிடையாது. மனிதர்களில் அந்த வைரஸைக் கண்டுபிடித்ததே 1933இல்தான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காகத் தயாரித்த ஊசி நல்ல பலன் தந்தது. ஆனால் 1947இல் அதே ஊசி கைவிட்டது. ஊசி கெட்டுப்போகவில்லை, வைரஸ்தான் மாறிவிட்டிருந்தது. அந்தப் பாடத்துக்குப் பிறகு 1952இல் உலக சுகாதார நிறுவனம் இன்ஃபுளுயென்சா வைரஸ் எங்கெங்கே எப்படி மாறுகிறது என்று கண்காணிக்க உலகளாவிய வலைப்பின்னல் ஒன்றை அமைத்தது. இன்றும் அந்த ஊசியை ஆண்டுதோறும் வைரஸுக்கு ஏற்பப் புதுப்பிக்கிறார்கள். ஆக, திரிபு வரும், ஊசியின் பலன் குறையும் என்பது 2021இல் யாருக்கும் புதுச் செய்தியல்ல. எழுபது ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி.

திரிபு என்றால் என்ன?

வைரஸ் தன்னைத்தானே நகலெடுத்துப் பெருகுகிறது. நகலெடுக்கும்போது பிழைகள் வரும். பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் ஆகாது. எப்போதாவது ஒரு பிழை வைரஸை வேகமாகப் பரவவைக்கும், அல்லது நம் எதிர்ப்பாற்றலின் கண்ணிலிருந்து தப்பவைக்கும். அந்த நகல் மற்றவற்றை முந்திக்கொண்டு பரவும். எத்தனை உடம்பில் வைரஸ் தங்குகிறதோ, எத்தனை நாள் தங்குகிறதோ, அத்தனை வாய்ப்பு அதற்கு.

2021இல் நமக்குப் போட்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் 2020 தொடக்கத்தில் இருந்த பழைய வைரஸை வைத்துச் செய்யப்பட்டவை. நம் உடம்பில் உருவான எதிர்ப்பொருள்கள் அந்த வைரஸின் முள்ளில் சில அடையாளங்களைப் பார்த்துப் பிடிக்கும். அந்த அடையாளம் மாறினால் பிடி தளரும். அதனால் தொற்று வரும். ஆனால் நம் உடம்பின் டி-செல்கள் வைரஸின் வேறு பல பகுதிகளையும் அடையாளம் வைத்திருப்பதால், நோய் முற்றாமல் தடுக்கும் ஆற்றல் அவ்வளவு எளிதில் போய்விடாது.

பிரிட்டனில் 2021இல் வந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கோவிஷீல்டும் அஸ்ட்ராஜெனகாவும் ஒரே ஊசிதான். முந்தைய ஆல்ஃபா திரிபால் வரும் அறிகுறியுள்ள நோயை அதன் இரண்டு தவணை ஏறக்குறைய 75 விழுக்காடு தடுத்தது. டெல்டா வந்ததும் அது 67 ஆனது. ஒரே தவணை மட்டும் போட்டவர்களிடம் சரிவு பெரிது: ஆல்ஃபாவுக்கு ஏறக்குறைய 49 விழுக்காடாக இருந்த பாதுகாப்பு டெல்டாவுக்கு 30 அளவில்தான் இருந்தது. ஆனால் டெல்டாவால் மருத்துவமனையில் சேரும் நிலை வராமல் ஒரு தவணை 71 விழுக்காடும் இரண்டு தவணை 92 விழுக்காடும் காத்தன.

படிப்பு வட்டத் தோழருக்கான பதிலின் முதல் பாதி இதுதான். ஊசி தோற்கவில்லை. தொற்றை முழுவதும் தடுக்கும் வேலையில் அது பின்வாங்கியது, சாவைத் தடுக்கும் வேலையில் நின்றது. தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. ஏறக்குறைய 1 லட்சத்து 17 ஆயிரம் காவல்துறையினரை வைத்து இரண்டாவது அலையில் செய்த ஆய்வில், மரணத்தைத் தடுப்பதில் ஒரு தவணை 82 விழுக்காடும் இரண்டு தவணை 95 விழுக்காடும் பலன் தந்ததாகத் தெரிந்தது.

காவல்துறையை வைத்து அப்படி ஆய்வு செய்ய முடிந்ததற்குக் காரணம், யார் வேலையில் இருக்கிறார், யார் ஊசி போட்டார், யார் இறந்தார் என்ற பட்டியல் துறையிடம் இருந்தது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் பெயர் ஒப்பந்தக்காரரின் நோட்டில்தான் இருக்கும். அவர் வேலைக்கு வராவிட்டால் அடுத்த நாள் அந்த இடத்தில் இன்னொரு பெயர் இருக்கும்.

மார்ச் முதல் மே வரை

பின்னாளில் டெல்டா என்று பெயர் பெற்ற வகை 2020 அக்டோபரிலேயே இந்திய மாதிரிகளில் இருந்தது. வைரஸின் மரபணுவைப் படித்துக் கண்காணிக்க டிசம்பர் கடைசியில்தான் 10 ஆய்வகங்களைக் கொண்ட ‘இன்சாகாக்’ கூட்டமைப்பு உருவானது. 2021 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் அமராவதி பக்கம் தொற்று ஏறத் தொடங்கியது. மார்ச் 7 அன்று ஒன்றிய சுகாதார அமைச்சர், பெருந்தொற்றின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறோம் என்றார். மார்ச் 24 அன்று அவருடைய அமைச்சகமே இரட்டை உருமாற்றம் கொண்ட வைரஸ் பரவுவதை அறிவித்தது. ஏப்ரலில் தேர்தல் கூட்டங்களும் நடந்தன, கும்பமேளாவும் நடந்தது. மே முதல் வாரத்தில் ஒரு நாள் தொற்று 4 லட்சத்தைத் தாண்டியது. அந்த நேரத்தில் நாட்டில் இரண்டு தவணையும் போட்டவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

நம் மக்களுக்கு ஏற்கனவே தொற்று வந்துபோய்விட்டது, இனி பயமில்லை என்ற பேச்சும் அப்போது இருந்தது. 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை செய்தபோது குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினரிடமும், மற்றப் பகுதிகளில் 16 விழுக்காட்டினரிடமும் எதிர்ப்பொருள் இருந்தது. இதை ‘மந்தை எதிர்ப்பாற்றல்’ என்று சிலர் நல்ல செய்தியாகச் சொன்னார்கள். யார் வீட்டில் அடைந்திருக்க முடிந்தது, யாரால் முடியவில்லை என்பதன் கணக்கு அது. பிரேசிலின் மனாவுஸ் நகரத்தில் 76 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருக்கும் என்று மதிப்பிட்டார்கள். 2021 ஜனவரியில் காமா என்ற புதிய திரிபு அங்கே பரவியபோது மருத்துவமனைகளில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது. ஏழைகளுக்குத் தொற்று வரட்டும், அதுவே தடுப்பூசி என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மனாவுஸ் சாட்சி.

டெல்டா ஆல்ஃபாவைவிட 40 முதல் 60 விழுக்காடு வேகமாகப் பரவியது. அதோடு பழைய கட்டுப்பாடுகள் பலவும் போதாமல் போயின. 2020 முழுக்க தெருத்தெருவாகப் பிளீச்சிங் பவுடரும் கிருமிநாசினியும் தெளித்தார்கள். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு அதைத் தெளித்தவர்கள் தூய்மைப் பணியாளர்கள். தெருவில் தெளிப்பதால் பலனில்லை, தெளிப்பவருக்கும் கேடு என்று 2020 மே மாதமே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. காற்று வழியே பரவும் வைரஸுக்கு நல்ல முகக்கவசமும் காற்றோட்டமும்தான் தேவை. அவர்களுக்குக் கிடைத்ததோ துவைத்துத் துவைத்து நைந்துபோன ஒரு துணி.

‘சமூக விலகல்’ என்ற சொல்லையும் மறக்க முடியாது. தொடாதே, தள்ளி நில் என்பதற்கு நம் சமூகத்தில் ஏற்கனவே ஒரு வரலாறு இருக்கிறது என்று நம் தோழர்கள் எதிர்த்த பிறகுதான் ‘தனிமனித இடைவெளி’ என்ற சொல் பரவலானது. சொல்லை மாற்ற முடிந்தது. பத்துக்குப் பத்து வீட்டில் ஐந்து பேருக்கு இடைவெளி எங்கிருந்து வரும்?

84 நாள்

2021 ஏப்ரலில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து வடமாவட்ட நகரம் ஒன்றில், தூய்மைப் பணியாளர்கள் வாழும் ஒரு குடியிருப்பில் வேலை செய்துகொண்டிருந்தோம். தடுப்பூசி போட்ட இரண்டாம் நாள் நடிகர் விவேக் இறந்த செய்தி வந்திருந்த நேரம். அந்த மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அரசுக் குழு சொன்னது அக்டோபரில்தான். அதுவரை ஒவ்வொரு வாசலிலும் அதே பேச்சு.

அங்கே ஓர் அக்கா, ஒப்பந்தப் பணியாளர், ஏப்ரல் முதல் வாரத்திலேயே கோவிஷீல்டு முதல் தவணை போட்டிருந்தார். “போடலைன்னா வேலைக்கு வராதன்னுட்டாங்க தம்பி, போட்டுக்கிட்டேன். ரெண்டு நாளு கைதான் வலிச்சுது” என்று மற்றவர்களுக்கும் தைரியம் சொன்னவர் அவர். மே மாத நடுவில் இரண்டாவது தவணைக்குப் போனபோது, 84 நாள் கழித்து வரச்சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

நடந்தது இதுதான். மே 13 அன்று ஒன்றிய அரசு கோவிஷீல்டு இடைவெளியை 12 முதல் 16 வாரமாக நீட்டியது. தட்டுப்பாட்டுக்காக அல்ல, அறிவியல் சான்றுப்படி என்று விளக்கம் தந்தது. இடைவெளி கூடினால் எதிர்ப்பாற்றல் கூடும் என்பதற்குச் சான்று இருந்தது உண்மை. ஆனால் அந்தச் சான்று டெல்டாவுக்கு முந்தைய காலத்துடையது. அடுத்த நாள், மே 14 அன்று, டெல்டாவுக்குப் பயந்து பிரிட்டன் 50 வயதைக் கடந்தவர்களுக்கான இடைவெளியை 12 வாரத்திலிருந்து 8 வாரமாகக் குறைத்தது. அங்கே டெல்டா அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது, இங்கே ஊரெல்லாம் டெல்டா. ஒரு தவணையின் பாதுகாப்பை எந்தத் திரிபு அதிகம் உடைக்கிறதோ, அதன் நடுவில் நம் மக்கள் ஒரே தவணையோடு மூன்று மாதம் குப்பை அள்ளினார்கள்.

அக்காவுக்கு மே கடைசியில் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் எழுந்துவிட்டார். அந்த ஒரு தவணை அவரைக் காப்பாற்றியது என்றே நம்புகிறோம். அவருடைய கணவருக்கு 42 வயது. 45க்குக் கீழே என்பதால் ஏப்ரலில் அவருக்கு ஊசி இல்லை. மே 1 முதல் 18 வயதானவர்களுக்கும் உண்டு என்றார்கள், ஆனால் கோவின் தளத்தில் பதிய வேண்டும். அந்தத் தளத்தில் அப்போது தமிழ் கிடையாது. நாங்கள் போனில் உட்கார்ந்து தேடுவோம், திறந்த சில நொடிகளில் இடம் தீர்ந்துவிடும். கார் வைத்திருந்தவர்கள் நகரத்திலிருந்து கிராமத்து நிலையங்களுக்கு வந்து போட்டுக்கொண்டு போனார்கள். ஸ்மார்ட்போனும் இணையமும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று மே 31 அன்று உச்ச நீதிமன்றமே கேட்டது. எல்லாருக்கும் இலவசம் என்று ஒன்றிய அரசு கொள்கையை மாற்றியது ஜூன் 21 முதல்.

ஜூன் இரண்டாம் வாரம் அக்காவின் கணவர் வீட்டிலேயே மூச்சுத்திணறி இறந்தார். பரிசோதனை எடுக்கவில்லை. சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்று எழுதினார்கள். பிறகு கொரோனா மரணங்களுக்கு 50,000 ரூபாய் இழப்பீடு அறிவித்தபோது நாங்கள்தான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். பரிசோதனைச் சான்று இல்லை என்று திருப்பினார்கள். அரசுக் கணக்கில் அவர் கொரோனாவில் சாகவில்லை.

பெயரும் விலையும்

2021 மே மாதம் ‘இந்தியத் திரிபு’ என்று உலகம் சொன்னபோது இந்திய அரசு கோபப்பட்டது. மே 31 அன்று உலக சுகாதார நிறுவனம் ஆல்ஃபா, பீட்டா, டெல்டா என்று கிரேக்க எழுத்துகளைச் சூட்டியது. நோயை ஓர் இடத்தின் பெயரால் அழைத்தால் அந்த இடத்து மக்கள் மேல் பழி விழும் என்பதுதான் காரணம். அது சரிதான். பெயரால் வரும் இழிவு என்னவென்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பெயரை மாற்றினாலும் உலகத்துக்கும் ஒரு சேரி உண்டு என்பது நவம்பரில் தெரிந்தது.

தென்னாப்பிரிக்கா அந்த ஆண்டு பிப்ரவரியில் 10 லட்சம் தவணை அஸ்ட்ராஜெனகாவை வாங்கி வைத்திருந்தும், அங்கே பரவிய பீட்டா திரிபில் அது லேசான நோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்து திட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது. அதே நாட்டு அறிவியலாளர்கள் நவம்பர் 24 அன்று ஒமிக்ரானைக் கண்டு உலகத்துக்கு முதலில் எச்சரிக்கை தந்தார்கள். பதிலுக்குக் கிடைத்தது விமானத் தடை. வருமானம் குறைந்த நாடுகளில் அப்போது பத்தில் ஒருவருக்குக்கூட ஒரு தவணை போய்ச் சேரவில்லை. தடுப்பூசிக் காப்புரிமையைத் தளர்த்துங்கள் என்று இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரிலேயே கேட்டிருந்தன. பணக்கார நாடுகள் இழுத்தடித்து 2022 ஜூனில்தான் குறைந்த அளவு இறங்கி வந்தன.

உலக அரங்கில் அப்படி நியாயம் கேட்ட அரசு உள்ளூரில் என்ன செய்தது? ஒமிக்ரானுக்கு எதிராக இரண்டு தவணையின் பலன் வெகுவாகக் குறைந்தது, மூன்றாவது தேவைப்பட்டது. முன்களப் பணியாளர்களுக்கும் முதியவர்களுக்கும் இலவசம் என்றார்கள். 18 முதல் 59 வயதுள்ள மற்றவர்களுக்கு 2022 ஏப்ரல் 10 முதல் தனியார் நிலையங்களில், ஊசி 225 ரூபாய், சேவைக் கட்டணம் 150 ரூபாய் வரை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது பல நாள் கூலி. ஜூலை 15இல் 75 நாள் மட்டும் இலவசமாக்கினார்கள்.

எண்ணப்படாதவர்கள்

மும்பையின் 1918 எண்களை மறுபடி பாருங்கள். காலனி அரசு நம்மேல் அன்பு கொண்டு அவற்றை எடுக்கவில்லை. ஆனாலும் அந்த 61.6 இருப்பதால் நூறாண்டு கழித்தும் நம்மால் கேள்வி கேட்க முடிகிறது. 2021இல் தமிழ்நாட்டு அரசு நாள்தோறும் வெளியிட்ட அறிக்கையில் இறந்தவரின் வயது இருந்தது, ஆணா பெண்ணா என்று இருந்தது, சர்க்கரை நோய் இருந்ததா என்றுகூட இருந்தது. சாதி இல்லை, தொழில் இல்லை. அக்காவின் கணவர் போன்றவர்கள் அந்த அறிக்கையிலேயே இல்லை.

எல்லாமே இருட்டு என்று சொல்லவில்லை. 2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டில் 40,000 இடங்களில் மாபெரும் தடுப்பூசி முகாம் நடந்தது. அதன்பின் வாரந்தோறும் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் தெருமுனைக்கும் ஊசி வந்தது. பதிவு வேண்டாம், போன் வேண்டாம், ஆளிருந்தால் போதும். நாங்கள் வேலை செய்த குடியிருப்பில் தயங்கிய பலர் அந்த முகாம்களில்தான் போட்டுக்கொண்டார்கள். மக்கள் ஊசியை மறுத்ததைவிட ஊசி மக்களிடம் வராமல் இருந்ததுதான் அதிகம் என்று அன்று புரிந்தது. அந்த முகாம் ஏப்ரலில் நடந்திருந்தால் என்ற கேள்வி மட்டும் எங்களை விடவில்லை.

படிப்பு வட்டத் தோழருக்கான இரண்டாம் பாதிப் பதில் இதுதான். புதிய திரிபு வரும்போது தடுப்பூசியின் பலன் கொஞ்சம் குறையும். அப்போது யாருக்கு எத்தனை தவணை, எப்போது போய்ச் சேர்ந்தது என்பதே உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்கும். அந்த வரிசையை எழுதுவது வைரஸ் அல்ல.

அடுத்த திரிபு, அல்லது அடுத்த வைரஸ், நிச்சயம் வரும். அதற்கு முன் நாம் கேட்க வேண்டியவை சில. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் பெயர்ப் பட்டியலும் மருத்துவப் பதிவும் உள்ளாட்சியிடம் இருக்க வேண்டும். தடுப்பூசி முதல் வாரத்திலேயே குடியிருப்புக்கு வர வேண்டும், பணியாளரோடு அவர் வீட்டாருக்கும் சேர்த்து. காய்ச்சல் வந்தால் கூலியோடு விடுப்பு வேண்டும். தரமான முகக்கவசம் வேண்டும். நோய்க் கணக்கிலும் மரணக் கணக்கிலும் சாதியும் தொழிலும் பதிவாக வேண்டும். வீட்டில் நிகழும் மரணங்களை விசாரித்துப் பதிய வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் குடியிருப்பில் 2021 ஏப்ரல் முதல் ஜூலை வரை இறந்தவர்களின் பட்டியலை எடுங்கள். பெயர், வயது, என்ன வேலை, எத்தனை தவணை, எங்கே இறந்தார், சான்றிதழில் என்ன எழுதியிருக்கிறது. ஒரு நோட்டும் பேனாவும் போதும். நாங்கள் எங்கள் நோட்டைத் தொடங்கிவிட்டோம். முதல் பக்கத்தில் எழுதியது அக்காவின் கணவர் பெயரை.

ஜெய் பீம்.